வளைகுடாப் போர் ‘நடக்கவில்லை’ என்று போத்ரியார் எழுதியதன் பொருள் என்ன?

பல்லாயிரம் பேர் மாண்ட ஒரு போரை நடக்கவே இல்லை என்று எழுதியவரை ஊடகச் சிந்தனையாளர் என்று ஏன் இன்னும் படிக்க வேண்டும், உண்மைக்கும் பாவனைக்கும் இடையிலான கோடு அழிந்துவிட்டது என்ற பேச்சு வெறும் சொல்விளையாட்டுதானே என்பது கேள்வி. கேள்வியில் இருக்கும் கோபத்தை நான் மதிக்கிறேன். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியாரை முதலில் படித்தபோது எனக்கும் அதே கோபம் வந்தது. ஆனால் 1991ஆம் ஆண்டின் அந்தப் போரை ஆவணங்களோடு சேர்த்து வாசித்த பிறகு, அவர் சொன்னதில் பாதி பெரும்பாலானோர் நினைப்பதைவிடத் துல்லியமானது என்றும், மற்றப் பாதியில் அவர் பிழை செய்தார் என்றும் எனக்குத் தெளிவாயிற்று. இரண்டையும் விளக்குகிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். அவருடைய ‘சிமுலேஷன்’ என்ற கலைச்சொல்லைத் தமிழில் பலர் ‘போலி’ என்று எழுதிவிடுகிறார்கள். குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. நான் அதைப் ‘பாவனை’ என்று சொல்கிறேன். 1981இல் வெளிவந்த தம் முக்கியமான நூலில் அவர் பாசாங்கையும் பாவனையையும் பிரிக்கிறார். நோயாளிபோல் பாசாங்கு செய்பவன் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டால் போதும். உடம்பு நன்றாக இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும், நாடி பார்ப்பவருக்கும் தெரிந்துவிடும். நோயைப் பாவனை செய்பவனிடமோ நோயின் அறிகுறிகளில் சில உண்மையாகவே தோன்றிவிடுகின்றன. அவனை நோயாளி என்பதா, ஆரோக்கியமானவன் என்பதா? பாசாங்கு, உண்மை என்ற ஒன்றை அப்படியே விட்டுவைத்து அதன்மேல் திரையிடுகிறது. பாவனை அந்த வேறுபாட்டையே ஆட்டிவிடுகிறது. இன்று எல்லோரும் அஞ்சும் போலிக் காணொளிகள்கூட இந்தக் கணக்கில் பெரும்பாலும் பாசாங்கு வகையைச் சேர்ந்தவை. ஒரு தலைவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் காணொளிக்கு, அவர் உண்மையில் என்ன சொன்னார் என்ற ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும்.

அதே நூலில் பிம்பம் கடந்துவரும் நான்கு நிலைகளை அவர் வரிசைப்படுத்துகிறார். பிம்பம் முதலில் உண்மையைக் காட்டுகிறது; அடுத்து அதைத் திரிக்கிறது; பிறகு அங்கே உண்மை என்று ஒன்று இல்லாததை மறைக்கிறது; கடைசியில் எந்த உண்மையோடும் உறவில்லாமல் தனக்குத்தானே நகலாக நிற்கிறது. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸ் எழுதிய ஒரு சிறுகதையை இதற்குத் துணையாக எடுத்துக்கொள்கிறார். ஒரு பேரரசின் வரைபடக்காரர்கள் நாட்டின் அளவுக்கே வரைபடம் வரைகிறார்கள். பின்வந்தவர்கள் அதைக் கைவிட, அது பாலைநிலத்தில் கந்தலாகக் கிடக்கிறது. போத்ரியார் இதைத் தலைகீழாக்கினார். இப்போது வரைபடம்தான் முன்னே வருகிறது, நிலம் அதைப் பின்தொடர்கிறது, கந்தலாகிக்கொண்டிருப்பது நிலம் என்றார். அந்த நூலின் முகப்பில் விவிலியத்தின் பிரசங்கி நூலிலிருந்து எடுத்ததாக ஒரு மேற்கோள் இருக்கிறது. பிரசங்கியைத் தேடிப் பார்த்தால் அந்த வாக்கியம் அதில் கிடையாது.

இந்த இடத்தில் அவர் தமக்கு முந்தியவர்களிடமிருந்து விலகுகிறார். செய்தியாவதற்கென்றே ஏற்பாடு செய்யப்படும் ‘போலி நிகழ்வுகள்’ பற்றி அமெரிக்க வரலாற்றாசிரியர் டேனியல் பூர்ஸ்டின் 1960களின் தொடக்கத்திலேயே எழுதினார். 1967இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் கீ தெபோர், வாழ்வே காட்சியாக மாற்றப்பட்டுவிட்டது என்றார். இருவருக்கும் காட்சிக்குப் பின்னால் மீட்டெடுக்க ஓர் அசல் இருந்தது. போத்ரியார் வரிசையை மாற்றினார். மாதிரி முதலில், நிகழ்வு பிறகு என்பதே அவருடைய கூற்று.

இனிப் போருக்கு வருவோம். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. வெளியேற ஐ.நா. கொடுத்த கெடு 1991 ஜனவரி 15. கெடு முடிவதற்கு முன்பே, ஜனவரி 4 அன்று, பாரிஸின் லிபராசியோன் நாளிதழில் வளைகுடாப் போர் நடக்காது என்று போத்ரியார் எழுதினார். ஜனவரி 17 அதிகாலை அமெரிக்கா தலைமையிலான கூட்டுப் படையின் குண்டுகள் பாக்தாத்தின்மீது விழுந்தன. வேறு எவராயினும் வாய்மூடியிருப்பார். அவர் பிப்ரவரி 6 அன்று ‘வளைகுடாப் போர் உண்மையில் நடந்துகொண்டிருக்கிறதா?’ என்றும், தரைப்போர் 100 மணி நேரத்தில் நிறுத்தப்பட்ட பிறகு மார்ச் 29 அன்று ‘வளைகுடாப் போர் நடக்கவில்லை’ என்றும் எழுதினார். திராய் போர் நடக்காது என்ற தலைப்பில் ழான் ஜிரோது எழுதிய 1935ஆம் ஆண்டு நாடகத்தின் எதிரொலி அது. அந்த நாடகத்தின் முடிவில் போர் வந்துவிடுகிறது. பிரெஞ்சு வாசகருக்கு இது உடனே பிடிபடும். தலைப்பை மட்டும் மொழிபெயர்ப்பில் கேட்டவருக்கு அது வெறும் மறுப்பாகவே காதில் விழும்.

குண்டு விழவில்லை என்றோ யாரும் சாகவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. அங்கே நடந்ததைப் ‘போர்’ என்று அழைக்க முடியாது என்றே வாதிட்டார். போர் என்றால் இரு தரப்பும் எதிரெதிரே நிற்க வேண்டும், முடிவு நிச்சயமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே ஒரு தரப்பு மற்றதைத் திரையில் இலக்காக மட்டுமே கண்டது. முடிவு முதல் நாளிலேயே கணக்கிடப்பட்டிருந்தது. கொலைமேசையில் கட்டிவைத்து மின்சாரம் பாய்ச்சுவதைச் சண்டை என்று சொல்வோமா? போர் முடிந்த பின்னும் ஈராக் அதிபர் சதாம் உசேன் ஆட்சியில் நீடித்தார், தெற்கில் ஷியாக்களின் எழுச்சியையும் வடக்கில் குர்துகளின் எழுச்சியையும் அவருடைய படைகள் நசுக்கின, வென்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதையும் போத்ரியார் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

வரைபடம் நிலத்துக்கு முந்துகிறது என்பதை அலங்காரச் சொல் என்று ஒதுக்குபவர்களுக்கு நான் காட்டுவது 1990 ஜூலை மாதத்தை. அமெரிக்க மத்தியக் கட்டளைத் தலைமையகம் அந்த மாதம் ‘இன்டர்னல் லுக்’ என்ற கணினிப் போர்ப் பயிற்சியை நடத்தியது. அரபுத் தீபகற்பத்தின் எண்ணெய் வயல்களை நோக்கி ஈராக் படையெடுத்தால் என்ன செய்வது என்பதுதான் பயிற்சிக் கதை. அதன் தளபதி நார்மன் ஷ்வார்ஸ்காப் இதைத் தம் நினைவுக்குறிப்பில் பதிவுசெய்திருக்கிறார். பயிற்சிக்காகப் புனைந்த உளவுச் செய்திகளும், அதே நாட்களில் ஈராக்கிலிருந்து வந்த மெய்யான உளவுச் செய்திகளும் ஒரே தகவல் மையத்தின் வழியாக வந்தன. இரண்டும் அச்சு அசலாக ஒத்திருந்ததால், புனைந்த தாள்களின்மீது ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று முத்திரை குத்த வேண்டியதாயிற்று. அந்த முத்திரையை எண்ணிப் பாருங்கள். ஒரு படைத் தலைமையகத்தின் மேசையில், எது நடக்கிறது, எது கதை என்று பிரித்துக்காட்ட எஞ்சியிருந்தது மையால் குத்திய ஒரு வரி மட்டுமே. சில நாட்களில் படையெடுப்பு வந்தது. படைகள் எங்கே செல்ல வேண்டும் என்பதற்கான அடிப்படை வரைவு, பயிற்சி விளையாட்டிலிருந்து ஏற்கெனவே கையில் இருந்தது.

பொதுமக்கள் கண்ட போருக்கும் இதே தன்மை உண்டு. முதல் இரவில் சி.என்.என். நிருபர்கள் மூவர் பாக்தாத்தின் அல்-ரஷீத் விடுதியிலிருந்து பேசினார்கள். உலகம் அன்று கண்டது பெரும்பாலும் ஒரு வரைபடத்தையும் பேசுபவர்களின் புகைப்படங்களையும்தான்; வந்தது தொலைபேசிக் குரல். இருந்தும் அந்த இரவைத் ‘தொலைக்காட்சியில் நேரில் பார்த்தோம்’ என்றே எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். பின்னர் வந்த பச்சை நிற இரவுக்காட்சிகள் பின்னோக்கிப் பாய்ந்து அந்த முதல் இரவின் நினைவையும் நிரப்பிவிட்டன. போத்ரியாரின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் 1995இல் நூலாக்கிய பால் பாட்டன் தம் முன்னுரையில் இன்னொன்றைச் சொல்கிறார்: வளைகுடாவில் கூடியிருந்த நிருபர்களிடம் சி.என்.என். நேரலையில் நிலவரம் கேட்டபோது, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நாங்களும் சி.என்.என்.தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

சவூதித் தலைநகர் ரியாத்தில் நடந்த படைத் தரப்பின் செய்தியாளர் கூட்டங்களும் இதே வகைதான். ஜனவரி 30 அன்று ஷ்வார்ஸ்காப் ஒரு காணொளியைக் காட்டினார். வானிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் குறிபார்க்கும் கோடுகள், அவற்றின் கீழே ஒரு பாலம். ஒரு வாகனம் பாலத்தைக் கடந்துபோகிறது, நொடிகளில் பாலம் வெடித்துச் சிதறுகிறது. இன்றைக்கு ஈராக்கிலேயே அதிர்ஷ்டக்காரர் இவர்தான் என்று தளபதி சொல்ல, அறை சிரித்தது. வீசப்பட்ட குண்டுகளில் இப்படி வழிகாட்டப்பட்டவை ஏறத்தாழ 8 விழுக்காடுதான். மற்றவையெல்லாம் பழைய குண்டுகள். அவற்றின் தலையில் கேமரா இல்லை, அவை எங்கே விழுந்தன என்பதற்குக் காணொளியும் இல்லை. ஆனால் அந்த 8 விழுக்காடே போரின் முகமாயிற்று. செய்தியாளர்கள் படையினர் அழைத்துச்செல்லும் குழுக்களாக மட்டுமே களத்துக்குப் போக முடிந்தது. எழுதியதும் எடுத்ததும் படை அதிகாரிகளின் பார்வைக்குப் போன பிறகே வெளிவந்தன. அமெரிக்காவில் டெலாவேரின் டோவர் விமானத் தளத்துக்கு வந்திறங்கும் படையினரின் சவப்பெட்டிகளைப் படமெடுக்க அந்தப் போரின்போது விதித்த தடை 2009 வரை நீடித்தது.

இதுவரை போத்ரியாரோடு நான் உடன்படுகிறேன். இனி உடன்படாத இடம்.

1991 பிப்ரவரி 25 இரவு, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கொட்டகையின்மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை ஒன்று விழுந்து 28 பேர் இறந்தார்கள். அதை வானிலேயே மறிக்க வேண்டிய பேட்ரியாட் ஏவுகணை அணி அருகிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஓர் ஏவுகணையைக்கூட ஏவவில்லை. காரணத்தை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1992இல் விளக்கியது. அந்தக் கணினி, காலத்தை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. பத்தில் ஒன்று என்ற எண்ணை இரும எண்முறையில் முடிவாக எழுத முடியாது. 24 இலக்கங்களோடு வெட்டிவிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் விடுபட்டது ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அணியை இடைவிடாமல் 100 மணி நேரத்துக்கும் மேல் ஓட்டியதில் அந்தத் துணுக்குகள் சேர்ந்து ஏறத்தாழ 0.34 நொடியாகிவிட்டன. ஸ்கட் நொடிக்கு 1,600 மீட்டருக்கும் மேலான வேகத்தில் வருவது, 0.34 நொடியில் அரை கிலோமீட்டருக்கும் அதிகமாக நகர்ந்துவிடும்.

பேட்ரியாட்டின் ராடார் முதலில் வானம் முழுவதையும் துழாவுகிறது. ஏதோ ஒன்று தென்பட்டதும், அது ஏவுகணையானால் அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு, அந்தச் சிறு பகுதிக்குள் மட்டும் தேடுகிறது. தஹ்ரானில் கணக்கு சொன்ன இடத்தில் எதுவும் இல்லை. முதலில் கண்டது பொய்த்தடம் என்று பொறி முடிவுகட்டியது, திரையில் இலக்கு இல்லை. மாதிரி நிகழ்வுக்கு முந்துகிறது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சான்றை போத்ரியாரே தேடினாலும் கண்டிருக்க மாட்டார். ஆனால் மாதிரிக்கு வெளியே அரை கிலோமீட்டர் தள்ளி அந்த ஏவுகணை வந்துகொண்டுதான் இருந்தது. அவர் தம் கோட்பாட்டை எடுத்துச்சென்று நிறுத்திய இடத்தில், எந்த மாதிரியையும் கேட்காமல் ஒரு பொருள் தரையில் விழுந்தது.

பிழை முன்பே தெரியாததல்ல. பேட்ரியாட் சில மணி நேரம் ஓடினாலே குறி நழுவுவதை இஸ்ரேலியர்கள் கண்டுபிடித்து பிப்ரவரி 11 அன்றே தெரிவித்திருந்தார்கள். திருத்தப்பட்ட மென்பொருள் 16ஆம் தேதி தயாராயிற்று. மிக நீண்ட நேரம் இயக்கினால் குறி தவறலாம் என்று 21ஆம் தேதி ஒரு செய்தி அனுப்பினார்கள். எத்தனை மணி நேரம் மிக நீண்ட நேரம் என்று அதில் இல்லை. ஒன்றரை நிமிடத்தில் கணினியை அணைத்துத் திரும்ப இயக்கியிருந்தால் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கும். திருத்தப்பட்ட மென்பொருள் தஹ்ரானுக்கு வந்துசேர்ந்தது பிப்ரவரி 26 அன்று, அதாவது மறுநாள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. பிப்ரவரி 15 அன்று மாசசூசெட்ஸில் பேட்ரியாட் தயாராகும் ஆலைக்குச் சென்ற அதிபர் ஜார்ஜ் புஷ், எதிர்கொண்ட 42 ஸ்கட்களில் 41ஐ மறித்துவிட்டதாக அறிவித்தார். இரவு வானில் இரண்டு ஒளிக்கோடுகள் சந்தித்து வெடிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அதை நம்பினார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் தியடோர் போஸ்டல் அதே தொலைக்காட்சிப் பதிவுகளை எடுத்து ஒவ்வொரு படச்சட்டமாக நிறுத்திப் பார்த்தார். பெரும்பாலான வெடிப்புகள் இலக்கைத் தொடாமல் நிகழ்ந்தவை. ஸ்கட்டின் தலைப்பகுதி வெடிப்பைக் கடந்து தரைக்குப் போவது படத்திலேயே தெரிந்தது. வெற்றி விகிதம் பூச்சியத்தை ஒட்டியே இருந்திருக்கலாம் என்று 1992இல் அவர் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தார். ராணுவமும் தன் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டது. எந்தப் பதிவு மாயையை உண்டாக்கியதோ அதே பதிவு அதைக் கலைக்கவும் உதவியது. பிம்பம் தனக்குத்தானே நகலாக மட்டும் நின்றிருந்தால் இது சாத்தியப்பட்டிருக்காது. காட்சிக்கு அடியில் தடயம் இருந்தது; பொறுமையாக நிறுத்திப் பார்க்க ஒருவர் இருந்தார். போத்ரியாரின் நான்காவது நிலை நம்மைச் சோம்பலாக்கும் ஆபத்து உடையது என்று நான் கருதுவதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் கடுமையானது. பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமிரியா புகலிடத்தை இரண்டு வழிகாட்டப்பட்ட குண்டுகள் கூரையைத் துளைத்துத் தாக்கின. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குறி தவறவில்லை. வரைபடத்தில் அது ராணுவக் கட்டளை மையம். தரைப்போரின் முதல் இரு நாட்களில் கலப்பை பூட்டிய டாங்கிகளும் மண்தள்ளும் வண்டிகளும் பதுங்குகுழிகளை ஈராக்கிய வீரர்களோடு சேர்த்து மூடின. அது செய்தியானது செப்டம்பரில். அந்தக் காட்சிக்கு உலகம் கண்ட பிம்பமே இல்லை. இறந்த ஈராக்கியரை, சதாம் தம் ஆட்சியைக் காத்துக்கொள்ளப் பலிகொடுத்த கடைசிக் கண்கட்டுப் பொம்மைகள் என்ற பொருளில் போத்ரியார் எழுதினார். அவரை என்னால் மன்னிக்க முடியாத இடம் அது. திரையில் வராதவர்களைக் கோட்பாட்டிலும் வராதவர்களாக்கிவிட்டார். பிரிட்டிஷ் அறிஞர் கிறிஸ்டோபர் நாரிஸ் 1992இல் இதற்காக அவரை ஒரு நூல் முழுக்கச் சாடினார். போத்ரியாரின் வாதத்தை நாரிஸ் சற்று நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டார் என்றாலும், இந்த ஒரு புள்ளியில் நியாயம் நாரிஸின் பக்கம்தான்.

அந்த மாதங்களில் திரைக்கு வெளியே இருந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. குவைத்தில் வேலைபார்த்த இந்தியர்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜோர்டானின் அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் கொண்டுவரப்பட்டார்கள். தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். இலங்கையரும் பெருந்தொகையாக அங்கே சிக்கியிருந்தார்கள். குவைத் தினாரை ஈராக் முதலில் தன் தினாருக்குச் சமமாக்கி, பிறகு செல்லாது என்று அறிவித்தபோது, பல ஆண்டுச் சேமிப்பு ஓர் ஆணையில் வெறும் தாளாயிற்று. பணம் ஒரு குறி, மதிப்பு ஓர் ஒப்பந்தம் என்று கோட்பாட்டாளர்கள் எழுதுவதை, பையில் அந்தத் தாளோடு பாலைவன எல்லையில் நின்றவர்கள் வேறு விதமாகக் கற்றுக்கொண்டார்கள்.

கடைசியாக, போரின் மறுமுனையில் நடந்த ஒன்று. பிப்ரவரி 26 அன்று, மணற்புயலுக்கு நடுவே, வரைபடத்தில் ‘73 ஈஸ்டிங்’ என்று மட்டும் குறிக்கப்பட்ட ஊர்ப் பெயரில்லாத ஓர் இடத்தில், அமெரிக்க டாங்கிப் படை ஒன்று ஈராக்கின் குடியரசுக் காவல்படையைச் சந்தித்துச் சிதறடித்தது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமை அந்தச் சண்டையைக் கணினியில் திரும்பக் கட்டியெழுப்பியது. சண்டையிட்டவர்களைப் பேசவைத்து, வாகனங்களின் பதிவுகளைச் சேகரித்து, யார் எந்த நொடியில் எங்கே நின்றார்கள் என்பதை நிறுவினார்கள். முடிந்த மாதிரியில் பார்வையாளர் களத்தின்மேல் எங்கு வேண்டுமானாலும் மிதந்து சென்று பார்க்கலாம். சூழ்நிலையை மாற்றி, வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் ஓட்டிப்பார்க்கலாம். கணினிப் பயிற்சியில் தொடங்கியது கணினிப் பயிற்சியிலேயே போய்ச் சேர்ந்தது என்று போத்ரியாரின் வாசகர் மகிழலாம். ஆனால் அந்த மாதிரியைக் கட்டியவர்கள் அமெரிக்க டாங்கிகளில் இருந்தவர்களிடம் ஒவ்வொரு கணத்தையும் கேட்டு எழுதினார்கள். எதிரே இருந்த டாங்கிகளில் இறந்தவர்கள் என்ன பார்த்தார்கள், எந்தக் கணத்தில் புரிந்துகொண்டார்கள் என்று சொல்ல அவர்களில் ஒருவரும் இல்லை. அவர்களுடைய பக்கத்தை நிரப்பியவை மணலில் எரிந்து கிடந்த வாகனங்களின் இருப்பிடக் குறிப்புகள்தான்.